அரைப் பட்டியலுக்கு ஒரு மாறுதல் உத்தரவு

ஒரு சதுரங்க ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக அறுபத்துமூன்று அரசு அலுவலகங்களைப் பத்தொன்பது நாள் இழுத்து மூடியவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அதற்காகக் கேடயமும் வாங்கியவன். கேடயம் இப்போது எங்கள் வரவேற்பறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருப்பதால் நான்தான் திருப்பி வைத்தேன்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் என் மனைவி கேட்டவுடன் நம்பினாள். எங்கள் இயக்குநரும் நம்பினார். நம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தது ஒரே ஒரு ஆள்தான். நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்ததோ அந்த ஆள்.

நான் வேலை பார்த்தது மெய்நகல் இயக்ககத்தில். ஒரு தாளின் நகல் அந்தத் தாளின் நகல்தான் என்று முத்திரை குத்திக் கொடுப்பது எங்கள் தொழில். நாங்கள் குத்தாவிட்டால் இந்த நாட்டில் யாரும் பிறந்ததாகவோ படித்ததாகவோ வீடு வாங்கியதாகவோ ஆகாது. வாசலில் பித்தளை எழுத்தில் ‘நகல் அழிந்தால் நாடு அழியும்’ என்று பதித்திருக்கும். ஒரு மூலத்தை நாய் தின்றாலும் எங்களுக்குக் கவலையில்லை. நகலில் காப்பி சிந்தினால் விசாரணை.

அங்கே கணினிப் பிரிவு மேலாளர் நான். எனக்குக் கீழே ஒரே ஒரு ஆபரேட்டர் பெண். ஆறு வருடமாகத் தற்காலிகம். அறுபத்துமூன்று கிளை அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளும் அவள் விரல் நுனியில்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அந்த மாதம் அவள் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறுவதாக இருந்தது. பட்டியல் மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் திறக்கும். எனக்கு ஓய்வு பெற இருபத்தாறு நாள்.

இனி நான் செய்த காரியம். கணினிக்கு மென்பொருள் வேண்டுமென்றால் பேக்கேஜ் மேனேஜர் என்று உள்ளே ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேட்க வேண்டும். அவன் வெளியே போய் வாங்கி வருவான். அறுபத்துமூன்று பேரும் தனித்தனியே வெளியே போனால் இணையம் திணறும் என்று தலைமையகத்து சர்வரில் நான் ஒரு இடைக்கிடங்கு வைத்திருந்தேன். ஒருமுறை வாங்கியதன் நகலை அது பத்திரமாக வைத்திருக்கும். யார் கேட்டாலும் அதிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். நகல் வைத்துக்கொள்ளும் இயந்திரம் என்று சொன்னதும் இயக்ககமே மெய்சிலிர்த்து அனுமதி கொடுத்தது.

மூன்றாம் தேதி பிற்பகல். ஆபரேட்டர் லீவு. உலகச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் நேரலையில் ஓடுகிறது. நம்ம ஆள் ராணியைத் தூக்கிக் கையில் வைத்திருக்கிறார், எங்கே வைக்கப்போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், படம் அப்படியே உறைந்து நிற்கிறது. ராணியும் அந்தரத்தில், நானும் அந்தரத்தில். என்னவென்று பார்த்தால் இந்த இடைக்கிடங்கு சரியாக அந்த நேரத்தில் வெளியே போய், என்னென்ன மென்பொருள் கிடைக்கும் என்று சொல்லும் புதிய பேக்கேஜ் பட்டியலை இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில், ‘வெளியே போகாதே, கையில் இருப்பதை மட்டும் கொடு’ என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி தட்டினேன். பட்டியல் பாதியில் அறுந்தது. படம் தெளிந்தது. எழுபத்தோராவது நகர்த்தலில் நம்ம ஆள் தோற்றார். அந்தத் துக்கத்தில் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். தட்டிய வரியைத் திருப்பித் தட்ட வேண்டும் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மறந்தே போனது.

மறுநாள் காலையில்தான் எங்கள் பதினேழாம் எண் சுற்றறிக்கை தன் வேலையைக் காட்டியது. முந்தைய இயக்குநர் ஏதோ கருத்தரங்கில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்து போட்டது அது. தினமும் கவுன்டர் திறக்கும் முன் ஒவ்வொரு கணினியும் புதிய பேக்கேஜ் பட்டியலை வாங்கிச் சரிபார்க்க வேண்டும். சரியில்லை என்றால் கவுன்டர் திறக்கக் கூடாது. அறுபத்துமூன்று கணினிகளும் என் சர்வரைக் கேட்டன. அது பாதிப் பட்டியலை அன்போடு நீட்டியது. அறுபத்துமூன்றும் ‘சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை’ என்று சொல்லி வாயை மூடிக்கொண்டன.

ஆபரேட்டர் ஒரு நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டாள். கிடங்கில் கெட்டுப்போன நகல் ஒன்று இருக்கிறது, அதை அழித்துவிட்டுப் புதிதாக வாங்கினால் தீர்ந்தது. ஒரே வரி வேலை. ஆனால் அவள் அதைச் சொன்ன இடம் தவறு. பக்கத்தில் நின்றவர் கண்காணிப்பாளர். அவருக்குப் பச்சை மை என்று பெயர். பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்த நாளிலிருந்து அவர் வீட்டுப் பால் கணக்கைக்கூட வேறு நிறத்தில் எழுதியதில்லை என்பார்கள்.

“என்ன சொன்னம்மா? நகலை என்ன பண்ணணும்?”

“அழிக்கணும் சார்.”

பச்சை மை உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்லி அவர் கேட்டதில்லையாம். பத்து நிமிடத்தில் சர்வருக்குத் துணி சுற்றி, அரக்கு உருக்கி, நான்கு இடத்தில் சீல் வைத்தார்கள். நான் குடையை மாட்டிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்தது. என் வரி உள்ளே, நான் வெளியே. அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். என்ன என்று பச்சை மை கேட்டார். அரக்கு வாசனை நன்றாக இருக்கிறது என்றேன்.

அடுத்து அழிப்புக் குழு கூடியது. அது கடைசியாகக் கூடிப் பதினோரு வருடம். பதிவறையில் கரையான் தின்ற நகல்கள் அனுமதி பெற்று அழிந்தவையா பெறாமல் அழிந்தவையா என்ற கேள்வியில் ஒத்திவைத்திருந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதால் முதல் இரண்டு நாள் கரையானிலேயே போயிற்று. மூன்றாம் நாள், அழிப்பதற்கு முன் அழியப்போகும் நகலை அச்சிட்டு, ஒவ்வொரு பக்கமும் உண்மை நகல்தான் என்று சான்று வாங்க வேண்டும் என்று முடிவானது. பாதிப் பட்டியலே ஒன்பதாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. எட்டு எழுத்தர்கள் மாற்றி மாற்றி உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாத அந்தப் பக்கங்களைத் திரையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் பாதிச் சொல்லில் வரி அறுந்து நின்றது. அங்கே பச்சை மை தன் கையால், ‘மூலத்திலும் இவ்வாறே’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்துக் குழு கைதட்டியது. நானும் தட்டினேன். அந்த அறுந்த சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு ராணி அந்தரத்தில் தொங்குவது போலவே இருந்தது.

ஒப்பிடுவதற்காக சீலைப் பிரித்திருந்தபோது நானாவது அவளாவது கீபோர்டைத் தொட்டிருக்கலாமே என்பீர்கள். ஏழு பேர் சுற்றி நின்றார்கள். பச்சை மை மட்டும்தான் தொடலாம், அதுவும் ஒற்றை விரலால். அவர் ஒரே கட்டளையைத் திரையில் இரண்டு சாளரத்தில் கொடுத்துவிட்டார். இரண்டாவது சாளரம், பூட்டு 2214 வசம் இருக்கிறது, காத்திருக்கவும் என்றது. முதல் சாளரம் ஓட்டிக்கொண்டிருந்த வேலையின் எண் அது. ஆபரேட்டர் சொல்ல வாயெடுத்தாள். பச்சை மை கையமர்த்திவிட்டுப் பணியாளர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

பணியாளர் எண் 2214 எங்கள் பதிவறை உதவியாளர். தூசி தட்டுவதைத் தவிர வேறு பாவம் அறியாதவர். அரசுப் பூட்டைத் தன் வசம் வைத்திருப்பதற்கு விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை போனது. மனிதர் நடுங்கிப்போய்ப் பதிவறைச் சாவி, கழிவறைச் சாவி, வீட்டில் மனைவியின் பீரோச் சாவி, சைக்கிள் பூட்டு எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்துக் குழுவிடம் ஒப்படைத்தார். அதற்குள் முதல் சாளரத்து வேலை தானாக முடிந்து பூட்டு விடுபட்டது. சைக்கிள் பூட்டுதான் காரணம் என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது. பூட்டில்லாத சைக்கிளைத் தொடப் பயந்து, நாலு கிலோமீட்டர் தூரத்து வீட்டுக்கு அவர் நடந்தே கிளம்பியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

“இந்த முழி முழிக்கிறீங்கன்னா, என்னத்தையோ உடைச்சுட்டு வந்திருக்கீங்க,” என்றாள் மனைவி. சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. “நீங்கதான் பண்ணியிருப்பீங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்று சொல்வதற்குப் பதில் இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் குழு அறிக்கை கொடுத்தது. இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து ‘அழி’ என்ற சொல்லை அலுவல் நேரத்தில் முதலில் உச்சரித்தவர் தற்காலிக ஆபரேட்டர். அழிக்கும் எண்ணம் இல்லாமல் அந்தச் சொல் வாயில் வராது. எண்ணம் இருந்தால் கோளாறும் அவருடையதே. குறிப்பாணை அவள் மேசைக்கு வந்தது. நிரந்தரப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே, விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கவும் என்று எழுதிப் பச்சை மையில் ஒரு கோடு. சர்வர் அறைக்குள் இனி அவள் கால் வைக்கக் கூடாது.

அவள் அழவில்லை. குறிப்பாணையை இரண்டு தடவை படித்துவிட்டு, தேதி தப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தேநீர் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ராணி, கோபம், அந்த வரி, குடை. ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

“போங்க சார். ஒரு ஃபைல் பேரை மாத்தறதுக்கே ரெண்டு பேக்கப் எடுக்கற ஆளு நீங்க. என்னைக் காப்பாத்தறதுக்காக இப்படியெல்லாம் சொல்லாதீங்க.”

சத்தியம் செய்தேன். என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, தனக்கு அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் பண்ணியிருப்பார் என்றாள். இதைவிட அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

நேரே இயக்குநரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நீங்க செஞ்சிருப்பீங்க. நான் நம்பறேன்,” என்றார். “ஆனா பாருங்க, நீங்க செஞ்சது மூணாம் தேதி. கோப்பு திறந்தது நாலாம் தேதி. கோப்பு திறக்கறதுக்கு முன்னாடி நடந்தது கோப்புக்குள்ள எப்படி வரும்? இன்னொண்ணு. முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் போட்டவர் தப்பு பண்ணார்னு எழுதினா, உங்கள மேற்பார்வை பார்த்தவங்க எல்லாரும் பதில் சொல்லணும். அதுல பதினோரு வருஷம் நான். அந்தப் பொண்ணு தற்காலிகம். அவ தலையில இருந்தா தப்பும் தற்காலிகமாவே இருந்துட்டுப் போயிடும். யாருக்கும் கஷ்டமில்ல பாருங்க.”

எழுத்தில் கொடுத்தேன். திரும்பி வந்தது. கோப்பில் இல்லாத விஷயம் என்பதால் என் வாக்குமூலம் பொதுமக்கள் மனுவாகக் கருதப்படும். மூன்று மெய்நகல் இணைத்துக் கவுன்டர் வழியாக வர வேண்டும். கவுன்டர் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதற்கான காரணம் அந்த வாக்குமூலத்தில்தான் இருந்தது. வாசலில் அதற்குள் இருநூறு பேர் வரிசை. மகளைக் கல்லூரியில் சேர்க்க நகல் கேட்டு வந்த ஒரு தையற்காரர் தினமும் முதல் ஆளாக நின்றார். அவரைப் பார்க்காமல் உள்ளே போவதற்காகப் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிக்கப் பழகினேன். அறுபது வயதில் எனக்கு அந்த ஒரு திறமைதான் புதிதாக வந்தது.

அழிக்க முடியாது. சரி. இந்த இயக்ககத்தில் யோசிக்காமல், கூட்டம் போடாமல், காலை காப்பிக்கு முன்னால் கையெழுத்தாகிற காரியம் எது என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். பணி மாறுதல். பிடிக்காத ஆளை மலை உச்சிக் கிளைக்கு மாற்றுவதை எங்கள் இயக்குநர் வெற்றிலை போடுவது போலச் செய்வார்.

பதினெட்டாம் நாள் ஒரு வரைவு எழுதி நீட்டினேன். ‘மேற்படி பட்டியல், நிர்வாக நலன் கருதி, இடைக்கிடங்கிலிருந்து தற்காலிகக் கோப்புறைக்கு மாற்றப்படுகிறது.’ தற்காலிகக் கோப்புறை என்பது சர்வரை அணைத்துப் போட்டால் தானாகக் காலியாகிவிடும் இடம். அதை நான் விளக்கவில்லை, அவர் கேட்கவில்லை. முகம் மலர்ந்து கையெழுத்திட்டார். பச்சை மைக்கு மட்டும் ஒரு சந்தேகம். பட்டியல் புதிய இடத்தில் பணியேற்றதாக யார் கையெழுத்துப் போடுவது? பதிவறை உதவியாளரைப் போடச் சொன்னோம். அவர் தன் சைக்கிள் பூட்டைத் திருப்பிக் கொடுத்தால் எதில் வேண்டுமானாலும் போடுகிறேன் என்றார்.

பத்தொன்பதாம் நாள் சீல் பிரித்தார்கள். ஆபரேட்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே நான் பட்டியலை மாற்றினேன். பச்சை மை பணியேற்பு அறிக்கையில் ஊதி மை காய வைத்துக்கொண்டிருந்தபோது என் பழைய வரியையும் திருப்பித் தட்டினேன். சர்வரை அணைத்துப் போட்டேன். பாதிப் பட்டியல் யாரும் அழிக்காமல் அழிந்தது. இடைக்கிடங்கு வெளியே போய் முழுப் பட்டியலோடு வந்தது. அறுபத்துமூன்று கவுன்டர்களும் ஒரே மூச்சில் திறந்தன. தையற்காரர் கையில் முதல் நகல். வெளியே நின்றவள் கண்ணாடி வழியாக எனக்குக் கும்பிடு போட்டாள்.

என் பிரிவுபசார விழாவில் அவளைப் பேசச் சொன்னார்கள். தான் செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்தவர் சார் என்று பேசி, பாதியில் நிறுத்தி உட்கார்ந்துவிட்டாள். இயக்குநர் எழுந்து, இயக்ககம் தியாகத்தை மறக்காது என்று சொல்லி ‘பிறர் பிழை சுமந்த பெருந்தகை’ என்று பொறித்த கேடயத்தை என் கையில் வைத்தார். வைக்கும்போது காதோரம், “சதுரங்கம் இனி வீட்டுலயே பாக்கலாம்,” என்றார். கூட்டம் எழுந்து நின்று தட்டியது. அவள்தான் எல்லோரையும் விடச் சத்தமாகத் தட்டினாள். நிரந்தரப் பட்டியல் மூட இன்னும் எட்டு நாள். அந்தப் பச்சைக் கோடு அப்படியே இருந்தது.

அவள் பெயரில் மேல்முறையீட்டை நானே எழுதினேன். யார் எப்போது என்ன தட்டினார்கள் என்று சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேட்டில் மூன்றாம் தேதிப் பக்கத்தை வரவழைத்துப் பார்க்கவும் என்ற ஒரே கோரிக்கை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். உங்கள் ஓய்வு ஆணையை நிறுத்திவிடுவார்கள் சார், எனக்கு இன்னும் மூன்று வருடம் பெரிதில்லை என்றாள். என் மனைவி அவளை உட்கார வைத்து, இவர் பண்ணியிருப்பார், நீ போடு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாள்.

மேல்முறையீட்டு அலுவலர் வேறு துறையிலிருந்து வந்த ஒரு அம்மாள். கடுமையான ஜலதோஷம். அவருக்கு எங்கள் இயக்ககத்தின் பெருமை எதுவும் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஒரு பக்கம் இயக்குநரும் பச்சை மையும், மறுபக்கம் நானும் அவளும். அம்மாள் பதிவேட்டுப் பக்கத்தை எடுத்தார், ஒன்றும் புரியவில்லை, அவள் பக்கம் தள்ளினார்.

“நீங்கதான் ஆபரேட்டர்? படிச்சு என்ன அர்த்தம்னு சொல்லுங்க.”

அவள் படித்தாள். மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். பேக்கேஜ் பட்டியல் இறங்கத் தொடங்கியது. மூன்று பதினாறு. அமைப்புக் கோப்பு திறக்கப்பட்டது, திறந்தவர் மேலாளர், அவர் மேசைக் கணினியிலிருந்து. அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டாள். வெளியே போகாதே என்ற வரி சேர்க்கப்பட்டது. மூன்று பதினேழு. பட்டியல் பாதியில் அறுந்தது. மறுபடி மேலே போய்த் தேதியைப் பார்த்தாள். மறுபடி கீழே வந்தாள். பக்கத்து மேசையில் ஒரு தட்டில் பிஸ்கட் இருந்தது. நான் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ஒரே கேள்வி. இது நடந்ததுன்னா உங்க பேரு இன்னிக்கே பட்டியல்ல ஏறும், இவர் பேர்ல கோப்பு திறக்கும். நடக்கலன்னா ரெண்டும் இல்ல. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். நடந்துதா?”

இயக்குநர் தொண்டையைச் செருமினார். பச்சை மை பேனாவை மூடினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அது கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டவளின் முகம் இல்லை.

“நீங்கதான் சார் பண்ணியிருக்கீங்க,” என்றாள். பிறகு அம்மாளைப் பார்த்து, “ஆமாங்க மேடம். நடந்தது.”